மேற்பார்வையாளர் பேராதனையில், ஆய்வுக் களம் உப்பாற்றில்: ஓர் ஆய்வு மாணவியின் கேள்விக்குப் பதில்

உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விலங்கியலைச் சிறப்புப் பாடமாகக் கற்றுப் பட்டம் பெற்றேன். இப்போது பேராதனையிலுள்ள விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவகத்தில் முதுதத்துவமாணிப் (எம்.பில்.) பட்டத்துக்குப் பதிவு செய்து, உப்பாற்றுக் களப்பின் கண்டல் கரைகளில் சேற்று நண்டுகளைப் பற்றி ஆராய்கிறேன். தற்காலிக உதவி விரிவுரையாளர் ஒப்பந்தம் முடிந்துவிட்டதால் மாலையில் ரியூஷன் வகுப்பு எடுத்துச் செலவைச் சமாளிக்கிறேன். மேற்பார்வையாளர் நல்லவர், ஆனால் சில மாதங்களுக்கு ஒருமுறைதான் சந்திக்க முடிகிறது, மின்னஞ்சலுக்கும் பதில் வரச் சுணங்குகிறது. கொழும்பிலும் கண்டியிலும் இருக்கும் நண்பர்களுக்குச் செயலமர்வு, மாநாடு, புலமைப்பரிசில் என்று வாய்ப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. நானும் இணையவழிக் கருத்தரங்குகளில் சேர்ந்து ஒரு கோப்பு நிறையச் சான்றிதழ் வைத்திருக்கிறேன். இருந்தும் முன்னேறியதாகத் தோன்றவில்லை. வீட்டில் பட்டதாரி நியமனத்தைப் பார்த்துக்கொள் என்கிறார்கள். சில இரவுகளில் தூக்கமும் வருவதில்லை. திருகோணமலையில் இருந்துகொண்டு என்னைப் போன்றவர்கள் தொழில்சார் வளர்ச்சிக்கும் உதவிக்கும் எங்கே போவது? போன கிழமை ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகை, கட்டுரை அனுப்பினால் ஒரு கிழமைக்குள் வெளியிடுவதாகவும் கட்டணம் 150 டொலர் என்றும் எழுதியிருந்தது. அதை ஏற்கலாமா?"

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் பல கேள்விகள் இருந்தாலும், முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தச் சான்றிதழ்க் கோப்பு என்றே கருதுகிறேன். முன்னேறியதாகத் தோன்றவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த உணர்வு பொய்யல்ல. அறிவித்தல்கள் எந்த ஒழுங்கில் வந்தனவோ அந்த ஒழுங்கில் நீங்கள் கற்றிருக்கிறீர்கள். உங்கள் ஆய்வு எந்த ஒழுங்கில் கேட்டதோ அந்த ஒழுங்கில் கற்கவில்லை. தலைமைத்துவம் பற்றி ஒரு மாலை, செயற்கை நுண்ணறிவு பற்றி ஒரு மாலை, தொழில்முனைவு பற்றி ஒரு மாலை என்று போனவை எல்லாம் நல்ல உரைகளாகவே இருந்திருக்கலாம். ஆனால் மறுநாள் காலையில் மேசைக்கு வந்தபோது அவற்றை வைத்துச் செய்வதற்கு ஒரு வேலை இருக்கவில்லை. கையில் எடுத்துப் பயன்படுத்தாத திறன் ஒரு மாதத்தில் மறந்துபோகும்.

பதவிக்கான தெரிவுக் குழுவில் இருப்பவர்கள் சுயவிபரக் கோவையை எப்படி வாசிக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "புள்ளிவிபரவியல் செயலமர்வில் கலந்துகொண்டார்" என்ற வரியில் கண் நிற்பதில்லை. "மூன்று கண்டல் கரைகளில் பன்னிரண்டு மாதம் மாதிரி எடுத்து, நண்டு ஓட்டின் அகலம் பருவத்துக்குப் பருவம் எப்படி வேறுபடுகிறது என்பதை ஆர் (R) என்ற புள்ளிவிபர மென்பொருளில் பகுப்பாய்வு செய்தார்" என்ற வரியில் நிற்கும். அதிலிருந்து ஒரு கேள்வியும் பிறக்கும், அந்தக் கேள்விக்கு உங்களால் பதில் சொல்லவும் முடியும். இரண்டாவது வரியை எழுதத் தேவையான எல்லாம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பகுப்பாய்வு ஒன்றுதான் மிச்சம் என்று ஊகிக்கிறேன்.

ஆகவே அடுத்த ஆறு மாதத்துக்கு ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். பிரித்தானியாவில் 2010இல் ஆராய்ச்சியாளர் வளர்ச்சிக்கென்று ஒரு சட்டகம் வெளியிட்டார்கள்; அறிவும் சிந்தனைத் திறனும், தன்னைத் தானே நடத்திக்கொள்ளும் திறன், ஆராய்ச்சியின் ஒழுங்கும் நெறியும், பிறரோடு சேர்ந்து இயங்கிப் பயன் விளைவித்தல் என்று அது நான்கு பெரும் பிரிவுகளைக் காட்டுகிறது. எதை மறந்துவிட்டோம் என்று பார்க்க அது நல்ல கண்ணாடி. ஆனால் எல்லாப் பெட்டிகளையும் நிரப்ப முனைந்தால் மறுபடி ஒரு சான்றிதழ்க் கோப்புத்தான் மிஞ்சும். உங்கள் தாளில் ஆறு மாதத்துக்குள் ஆய்வில் முடிய வேண்டிய வேலைகளை மட்டும் இடப்பக்கம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே உங்களுக்குத் தெரியாத ஒன்றை, ஒன்றையே, எழுதுங்கள். அளவீடுகளைப் பகுப்பாய்வு செய்ய வேண்டுமென்றால் எதிரே வருவது ஆர். அது இலவசம், அதைப் பயில உங்கள் சொந்தத் தரவே போதும். இலக்கிய மீளாய்வு என்றால் எதிரே வருவது மேற்கோள்களை ஒழுங்குபடுத்தும் ஸொட்டேரோ. அதுவும் இலவசம், ஒரு பிற்பகலில் கைவந்துவிடும். களப்புத் தொழிலாளரைச் செவ்வி காணும் எண்ணம் இருந்தால் எதிரே வருவது ஒழுக்கநெறி அனுமதி. இந்த ஒன்றைப் பிற்போட வேண்டாம். செவ்வி எல்லாம் எடுத்து முடித்த பிறகு அந்த அனுமதியைப் பெற முடியாது. அனுமதி இலக்கம் இல்லாத கட்டுரையை நல்ல சஞ்சிகைகள் திருப்பி அனுப்பிவிடும். சம்மதப் படிவத்தைத் தமிழில், வாசித்துக் காட்டினால் விளங்கும் வசனங்களில் எழுதி விண்ணப்பத்தோடு சேருங்கள். இனிமேல் வரும் செயலமர்வு அறிவித்தல்களில் இந்தத் தாளில் இருக்கும் ஒன்றைத் தொடுபவற்றுக்கு மட்டும் போங்கள்.

அடுத்தது மேற்பார்வையாளர். தூரத்தில் இருக்கும் மாணவர்கள் பலரும் சொல்லும் குறை இது. ஹபரணை, தம்புள்ளை வழியே பஸ்ஸில் கண்டிக்குப் போய் வர ஒரு முழு நாள் போய்விடும் என்பதால் அடிக்கடி நேரில் பாருங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் பதில் சுணங்குவதற்கான காரணத்தில் ஒரு பகுதி, நாம் அனுப்பும் மின்னஞ்சலின் அமைப்பிலும் இருக்கிறது. "சேர், இரண்டாம் அத்தியாயத்தை இணைத்துள்ளேன், பார்த்துச் சொல்லவும்" என்று நாற்பது பக்கத்தோடு போகும் கடிதத்தைத் திறக்கும் பேராசிரியர், ஆறுதலாக வாசிக்கலாம் என்று ஒதுக்கிவைப்பார். அந்த ஆறுதலான நாள் தவணை முடியும்வரை வராது. ஐந்து நிமிடத்தில் பதில் எழுதக்கூடிய கடிதத்தை அனுப்பிப் பாருங்கள். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள்; பொருள் இப்படி இருக்கலாம்:

"கடந்த சந்திப்புக்குப் பின் முடித்தவை: மூன்று இடங்களின் அளவீடுகளையும் பெப்ரவரி வரை உள்ளிட்டுவிட்டேன். இணைப்பில் இருப்பவை: இரண்டாம் அத்தியாயத்தின் முதல் ஆறு பக்கங்களும் ஒரு வரைபடமும். உங்கள் முடிவு வேண்டியது: இரண்டாம் இடத்தில் நண்டுக் கூடுகள் களவு போனதால் யூலை மாதத் தரவு இல்லை. அந்த இடத்தைப் பகுப்பாய்விலிருந்து முழுதாக நீக்குவதா, யூலை நீங்கலாக வைத்துக்கொள்வதா? வைத்துக்கொள்வது நல்லது என்பது என் எண்ணம். 20ஆந் திகதிக்குள் வேறு அறிவுறுத்தல் கிடைக்காவிட்டால் அப்படியே தொடங்குகிறேன்."

இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. மாணவி தன் கருத்தைச் சொல்வதும் திகதி குறிப்பதும் பெரியவரை நெருக்குவதாகிவிடுமோ என்று நம் பக்கத்துப் பிள்ளைகள் தயங்குவதை நான் நன்கறிவேன். ஆனால் மேற்பார்வையாளர்கள் விரும்புவது இத்தகைய மாணவரைத்தான். நேரிலோ சூமிலோ சந்தித்த அன்றிரவே, என்னென்ன முடிவாயின என்று அரைப் பக்கம் எழுதி அவருக்கும் இணை மேற்பார்வையாளருக்கும் அனுப்பிவிடுங்கள். ஒரு வருடம் கழித்து "இந்த முறையை ஏன் தெரிந்தெடுத்தீர்கள்" என்ற கேள்வி எழும்போது அந்த அரைப் பக்கம் உங்கள் பக்கம் பேசும். அரையாண்டு முன்னேற்ற அறிக்கை எழுதும்போதும் அவற்றை அடுக்கி வைத்தாலே பாதி அறிக்கை ஆயத்தமாகிவிடும்.

எல்லா உதவியையும் ஒரே மனிதரிடம் எதிர்பார்ப்பது அவருக்கும் பாரம், உங்களுக்கும் ஆபத்து. உங்களுடைய துறையில் திருகோணமலை ஒதுக்குப்புறம் என்று எண்ணுவது எனக்கு வியப்பாக இருக்கிறது. கண்டலையும் நண்டையும் ஆராய்பவருக்குக் கொழும்புதான் ஒதுக்குப்புறம். கடற்றொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகம் நகரில் இருக்கிறது. உங்கள் களப்புக்குப் பொறுப்பான கடற்றொழில் பரிசோதகருக்கு எந்தக் கரையில் எந்த மாதம் நண்டு படுகிறது, யார் சின்ன நண்டையும் விடாமல் பிடிக்கிறார்கள் என்பதெல்லாம் தெரியும். நண்டு வளர்ப்பு என்ற கோணம் உங்கள் ஆய்வில் வருமானால் நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையான நக்டாவுடன் பேச வேண்டும். நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனமான நாராவில் இதே துறையில் அனுபவப்பட்ட ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கட்டுரை ஒன்றை முழுதாக வாசித்து, அதிலிருந்து ஒரு குறிப்பான ஐயத்தைக் கேட்டு எழுதினால் பதில் கிடைக்கும். "எனக்கு வழிகாட்டுங்கள்" என்று மட்டும் எழுதினால் அநேகமாகக் கிடைக்காது. கோணேசபுரியில் உள்ள திருகோணமலை வளாகத்தில் பாடம் வேறாக இருந்தாலும் பட்டப்பின் படிப்புச் செய்துகொண்டே கற்பிக்கும் இளம் விரிவுரையாளர்களைச் சந்திக்கலாம். அவர்களில் இரண்டு பேர் கிடைத்தாலும் போதும். சனிக்கிழமை காலையில் இரண்டு மணித்தியாலம் ஒரே மேசையைச் சுற்றி இருந்து, கைத்தொலைபேசியை ஒதுக்கிவிட்டு, அவரவர் அத்தியாயத்தை எழுதுங்கள். தனியே வீட்டில் இருந்து எழுதுபவர் ஒரு பந்தியை ஒரு கிழமை திருத்திக்கொண்டிருப்பார். கூட ஒருவர் இருந்தால் அது நடக்காது. தமிழ் மொழிமூலம் படித்து வந்தவர்களுக்கு ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதும் பயம் தெளிவதும் இப்படிப்பட்ட மேசைகளில்தான். இலக்கண வகுப்பில் அது தெளிந்ததை நான் அதிகம் கண்டதில்லை.

மாநாடுகளைப் பொறுத்தவரை சிறியதிலிருந்து தொடங்குங்கள். 1944இல் தொடங்கிய இலங்கை விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் ஆண்டுதோறும் அமர்வுகளை நடத்துகிறது. யாழ்ப்பாண விஞ்ஞானச் சங்கத்துக்கும் ஆண்டு அமர்வு உண்டு. உங்களுக்கு எல்லாவற்றிலும் பொருத்தமானது, மீன்பிடி மற்றும் நீரியல் வளத் துறையினருக்கென்றே இருக்கும் இலங்கைச் சங்கம் கூட்டும் விஞ்ஞான அமர்வு. அங்கே உங்கள் ஆய்வுச் சுருக்கத்தை மதிப்பிடுபவர் நண்டைப் பற்றித் தெரிந்தவராக இருப்பார். ஒரு பக்கச் சுருக்கத்தை எழுதி, மதிப்பீட்டாளரின் குறிப்பை வாங்கி, பன்னிரண்டு நிமிடம் பேசி, கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வருவதில் இருக்கும் பயிற்சி, அந்தக் கோப்பு முழுவதையும் விடப் பெரிது.

பேசிப் பழக ஒரு வழி: அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகம் 2008இல் தொடங்கிவைத்த மூன்று நிமிட ஆய்வேட்டுப் போட்டி இப்போது பல நாடுகளில் நடக்கிறது. அசையாத ஒரேயொரு படம், மூன்று நிமிடம். அதற்குள் துறை சாராதவருக்கு ஆய்வை விளக்க வேண்டும். போட்டி இருக்கிறதோ இல்லையோ, அந்த விதியை வைத்துக்கொண்டு முதலில் தமிழில், கிண்ணியாப் பக்கத்துக் கடற்றொழிலாளர் சங்கக் கூட்டம் ஒன்றில் பேசிப் பாருங்கள். உங்கள் ஆய்வின் பயன் என்ன என்று அவர்கள் கேட்கும் கேள்வி வாய்மொழிப் பரீட்சையில் வரும் கேள்வியைவிடக் கூர்மையாக இருக்கும். சொல்வதற்கு உங்களிடம் விடயமும் இருக்கிறது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பிறகு நாட்டின் கரையோரங்களில் ஆர்வத்தோடு நட்ட கண்டல்களில் பெரும்பகுதி பிழைக்கவில்லை. இடமும் இனமும் பார்க்காமல் நட்டது அதற்கு முக்கிய காரணம். அதன் பிறகு கற்றுக்கொண்டு செய்த மீளாக்கப் பணிக்காக 2024இல் ஐக்கிய நாடுகள் சபை இலங்கையின் கண்டல் மீட்டெடுப்பை உலகின் முன்மாதிரித் திட்டங்களில் ஒன்றாக அறிவித்தது. மீண்டும் வளர்ந்த கண்டலில் நண்டு திரும்பி வருகிறதா என்று அளந்து வைத்திருப்பவர்கள் நம் கரையில் எத்தனை பேர்?

பணத்துக்கு வருவோம். தேசிய விஞ்ஞான மன்றமும் தேசிய ஆராய்ச்சிப் பேரவையும் வழங்கும் ஆராய்ச்சி மானியங்களுக்கு வழமையாக விண்ணப்பிப்பவர் மூத்த ஆய்வாளர். மாணவர்கள் அந்த மானியத்தின் கீழ் மாதக் கொடுப்பனவு பெறும் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்து பட்டத்தைத் தொடர்கிறார்கள். எனவே "எனக்குப் புலமைப்பரிசில் உண்டா" என்று தேடுவதோடு, "அடுத்த மானிய விண்ணப்பத்தில் களப்புப் பகுதியை நான் எழுதித் தரட்டுமா, சேர்?" என்று மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். மானியம் கிடைக்காமல் போனாலும் விண்ணப்பம் எழுதக் கற்றிருப்பீர்கள். இயற்கைப் பாதுகாப்பு வேலைகளுக்குச் சிறு மானியம் தரும் பிரித்தானியாவின் ரஃபர்ட் அறக்கட்டளைக்கு நீங்களே நேரடியாக விண்ணப்பிக்கலாம். வெறும் பட்டத்துக்கான ஆய்வென்றால் அவர்கள் தருவதில்லை. பாதுகாப்புக்கு என்ன பயன் என்பது முன்னால் நிற்க வேண்டும், பரிந்துரைக்க மூன்று பேரும் வேண்டும். சங்கக் கூட்டத்தில் பேசுங்கள் என்று சொன்னதன் பயன் இங்கேயும் தெரியும். ஐடியா வைல்ட் என்ற அமைப்பு காசாக அல்லாமல் கருவிகளாகத் தருகிறது. அளவுகோலும் ஜிபிஎஸ் கருவியும் இரவல் வாங்கித் திரியும் மாணவருக்கு அது சிறிய உதவி அல்ல.

வெளிநாட்டுப் புலமைப்பரிசில்களை இப்போதைக்கு அவதானித்து வையுங்கள், அவ்வளவு போதும். பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசில் ஒரு வருட முதுமாணிப் படிப்புக்கானது, இரண்டு வருட வேலை அனுபவம் கேட்கும். பொதுநலவாயப் புலமைப்பரிசிலில், உள்நாட்டில் கலாநிதிப் பட்டத்துக்குப் பதிந்தவர் பன்னிரண்டு மாதம் வரை பிரித்தானியாவில் இருந்து ஆய்வைத் தொடரும் பிரிவு ஒன்று உண்டு. உங்கள் பதிவு கலாநிதி மட்டத்துக்கு உயர்ந்தால் அது உங்களுக்குப் பொருந்தலாம். ஐஈஎல்ரிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையின் பெறுபேறு இரண்டு வருடமே செல்லும் என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டு தெரியாமல் அந்தப் பெரிய கட்டணத்தைக் கட்டிவிட வேண்டாம்.

வீட்டார் சொல்வதைத் தள்ளிவிடும்படி நான் எழுதப்போவதில்லை. பட்டதாரி நியமனத்துக்கு விண்ணப்பம் கோரினால் போடுங்கள். இலங்கை விஞ்ஞான சேவைக்குப் பரீட்சை வந்தால் எழுதுங்கள். மாதச் சம்பளம் இல்லாத வீட்டில் ஆய்வு செய்வது எவ்வளவு கடினம் என்பதை மாலை ரியூஷன் வகுப்பு உங்களுக்குக் காட்டியிருக்கும். நியமனம் கிடைத்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: முழுநேரப் பதிவைப் பகுதிநேரமாக மாற்ற விதி இடம்தருகிறதா என்று நிறுவகத்தின் கையேட்டில் பார்த்து, மேற்பார்வையாளரின் சம்மதத்தோடு எழுத்தில் கேட்பது. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் முதுதத்துவமாணி 11ஆம் மட்டம், முழுநேரமாக ஆகக் குறைந்தது இரண்டு வருடம். காலம் நீள்வதால் பட்டம் கெட்டுப்போகாது. ஆண்டுக் கட்டணம் கட்டாமல், ஒத்திவைக்கக் கேட்டு ஒரு கடிதமும் கொடுக்காமல் பதிவைக் காலாவதியாக விட்டவர்களுக்குத்தான் கெட்டுப்போகிறது. வேலைக்குப் போன முதல் வருடத்தில் இது எளிதாக நடந்துவிடும்.

தூக்கம் வராத இரவுகளைப் பற்றி ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். அவை இரண்டு மூன்று கிழமைக்கு மேல் தொடர்ந்தால் பல்கலைக்கழக மாணவர் ஆலோசகரிடமோ ஒரு வைத்தியரிடமோ பேசுங்கள். தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். ஆய்வு மாணவர்களுக்கு இது புதிதல்ல, பேசுவதால் பதிவேட்டில் எந்தக் கறுப்புப் புள்ளியும் விழாது.

கடைசியாக அந்தச் சஞ்சிகை. ஏற்க வேண்டாம். தகுதியான இரண்டு பேர் உங்கள் கட்டுரையை வாசித்து மதிப்பிட ஒரு கிழமை காணாது. ஒரு கிழமையில் வெளியிடுகிறோம் என்பவர் யாரும் வாசிக்கப்போவதில்லை என்றே சொல்கிறார். கட்டணம் கேட்பது மட்டும் குற்றமல்ல, நல்ல திறந்த அணுகல் சஞ்சிகைகளும் கேட்கின்றன. அவற்றுள் பல, நம்மைப் போன்ற நாடுகளின் ஆய்வாளருக்குக் கேட்டால் குறைத்துத் தருகின்றன. ஐயமுள்ள ஒரு சஞ்சிகை திறந்த அணுகல் சஞ்சிகைகளின் பொது விபரக்கொத்தான டிஓஏஜேயில் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கோபஸ் என்ற ஆய்வுச் சஞ்சிகைத் தரவுத்தளத்தில் இருப்பதாகச் சொன்னால் அவர்களுடைய பக்கத்தை நம்பாமல் ஸ்கோபஸின் சொந்தப் பட்டியலிலேயே தேடுங்கள். ஆசிரியர் குழுவில் பெயர் இருக்கும் ஒருவரின் பல்கலைக்கழகப் பக்கத்துக்குப் போய், அவர் அதைக் குறிப்பிட்டிருக்கிறாரா என்றும் பாருங்கள். முதற் கட்டுரைக்கு, தேசிய விஞ்ஞான மன்றம் நடத்தும் எஸ்எல்ஜோல் தளத்தில் உள்ள உள்நாட்டுச் சஞ்சிகைகளை, குறிப்பாக நீரியல் விஞ்ஞானத்துக்கென்று இருப்பதை, மேற்பார்வையாளரோடு சேர்ந்து பரிசீலியுங்கள். வந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுதத் தேவையில்லை. கட்டுரையை ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால், பணம் எதுவும் கட்டாமல் இன்றே அதை மீளப் பெறுவதாக எழுதி, அந்தக் கடிதத்தின் பிரதியை மேற்பார்வையாளருக்கும் அனுப்புங்கள். ஒரே கட்டுரை இரண்டு இடத்தில் கிடப்பதாக நாளை யாரும் சொல்ல இடம் வைக்கக் கூடாது.